தோப்பறையின் கனம்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போன இடங்களையும் அங்கே கண்டவற்றையும் எழுதும்படி கேட்டிருந்தீர்கள். நான் சிறுவர் நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைந்து பிழைப்பவள், வசிப்பது திருநகரில். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியிலிருந்து, ஜூன் 2ஆம் தேதி பள்ளிகள் திறக்கும் வரை நாங்கள் சுற்றியதெல்லாம் மதுரையையும் அதன் அக்கம்பக்கத்தையும்தான். ஊட்டியோ கொடைக்கானலோ போகவில்லையே என்று ஆறாம் வகுப்பு முடித்த மகளுக்கு இன்னும் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

இதைச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவர் இதழுக்காக அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியை வரைந்து கொடுத்தேன். இணையத்தில் கிடைத்த இருபது முப்பது புகைப்படங்களைத் திரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து தங்கக் குதிரை வாகனத்தையும், இன்னொன்றிலிருந்து கூட்டத்தையும், வேறொன்றிலிருந்து தோளில் தோப்பறை மாட்டித் தண்ணீர் பீய்ச்சும் ஒருவரையும் எடுத்துச் சேர்த்தேன். அச்சில் பார்க்க நன்றாகவே இருந்தது, பாராட்டும் வந்தது. சோழவந்தானில் இருக்கும் என் அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதழை மூக்கருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "தோப்பறைக்குள்ள தண்ணியே இல்லையேம்மா" என்றார். ஆட்டுத்தோலைத் தைத்து முனையில் சிறு குழாய் பொருத்திய பைக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது படத்தில் எப்படித் தெரியும் என்று அன்று அவரிடம் வாதாடினேன்.

இந்தக் கோடையில் கைபேசியைப் பார்த்து வரைவதில்லை என்று முடிவெடுத்தது கொள்கையால் அல்ல. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைபேசி கொண்டு போக முடியாது. அதை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விடுமுறையின் முதல் வாரத்தில் என் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அப்படித்தான் போனோம். கம்பத்தடி மண்டபத்துத் தூணில் இருக்கும் திருக்கல்யாணச் சிற்பத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றோம். பிறகு சித்திரை வீதிக்கு வந்து, நிழலில் ஓரமாக உட்கார்ந்து நோட்டைத் திறந்தால், பென்சில் நகரவில்லை. மீனாட்சி, சொக்கர், தாரை வார்க்கும் பெருமாள் ஆகிய மூவரில் நடுவில் நிற்பது யார்? மகள் ஒன்று சொன்னாள், இரண்டாம் வகுப்பு மகன் இன்னொன்று சொன்னான், "எல்லாக் கல்யாணப் பத்திரிகையிலயும் இருக்கே, இது தெரியாதா?" என்று தொடங்கிய என் மாமியாரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். மதுரையில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைப் படிக்கும் இந்த நொடியில், எதையும் தேடிப் பார்க்காமல், தமக்குத் தாமே பதில் சொல்லிப் பார்க்கலாம். நாங்கள் மறுபடியும் வரிசையில் நின்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அன்று முதல் எங்கள் வீட்டில் அதுவே விளையாட்டாகிவிட்டது: பார்ப்பது ஓர் இடம், வரைவது வேறோர் இடம்.

கீழக்குயில்குடியில் இருக்கும் சமணர் மலைக்கு இருமுறை போனோம். முதல் முறை வெயில் ஏறிய பின் போனதால் பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் தட்டையாகத் தெரிந்தன. மறுமுறை இளவெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போனபோது அதே உருவங்கள் பாறையைவிட்டு முன்னே வந்து நின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்த உளிவேலை ஒளியின் சாய்வை நம்பிச் செய்யப்பட்டது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. செட்டிப்பொடவின் குகைக்குள், சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லேந்திய இயக்கி என்னும் சமணப் பெண்தெய்வத்தையும் எதிரே யானைமேல் வரும் வீரனையும் மகன் வெகுநேரம் பார்த்தான்; இறங்கி வந்து தாமரைக் குளத்தருகே ஆலமர நிழலில் அமர்ந்து அவன் வரைந்த படத்தில் யானையைவிடச் சிங்கம் பெரியதாக இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. மேலே பாறையில் உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்ட முயன்றது என் அறியாமை: மே மாத வெயிலில் முதல் தீற்றல் காய்வதற்குள் இரண்டாம் தீற்றலைச் சேர்த்துவிட வேண்டும் என்பது பாடம், ஆனால் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து எடுப்பதற்குள் முதலாவது காய்ந்து, ஓரம் கோடு கட்டிவிட்டது.

கீழடியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் கீறப்பட்ட 'ஆதன்' என்ற பெயரை மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். மகனுக்குப் பகடையும் ஆட்டக்காய்களும் போதுமாக இருந்தன. அகழாய்வு அறிக்கைகளில் ஒரு பானையை வரையும்போது ஒரு பாதியை வெளித்தோற்றமாகவும் மறுபாதியை வெட்டுமுகமாகவும் வரைவார்கள். விளிம்பு எவ்வளவு தடிமன், உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பவை அதில் தெரியும். பையில் தண்ணீர் இல்லை என்று அப்பா சொன்னது அங்கே ஒரு கணம் நினைவுக்கு வந்து போனது.

மே முதல் வாரத்தில் சோழவந்தானுக்குப் போனோம். அங்கே விளையும் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அப்பாவின் நண்பருடைய கொடிக்காலுக்குள் நுழைந்தவருக்கு அந்தச் சான்றிதழ் நினைவுக்கு வராது. செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே இரண்டடி வைத்தால் இருட்டு என்று சொல்ல முடியாத, வெளிச்சம் என்றும் சொல்ல முடியாத ஒரு பச்சை. அகத்திமேல் ஏறிய கொடிகளில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், வெளிச்சம் ஓர் இலையைக் கடந்து வரும்போது மஞ்சள் கலந்த பச்சையாகவும், இரண்டு இலைகளைக் கடந்து வரும்போது கரும்பச்சையாகவும், மூன்றைக் கடந்தால் நீலம் ஏறியதாகவும் மாறுகிறது. மகளின் வெள்ளைச் சட்டை முழுவதும் பச்சையாகிவிட்டது. ஒரே ஒரு பச்சைக் கட்டியை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் தோட்டம் வரைந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. கால்வாயில் தண்ணீர் நின்ற ஈரத்தால் அங்கே தீட்டிய வண்ணம் காயவே இல்லை. நோட்டைத் திறந்தபடியே இரு கையாலும் ஏந்திக்கொண்டு வீடு வரை நடந்தேன்.

இரவுகளில் வாசிப்பு. என் மாமியாரிடம், அவருடைய அம்மா கல்கி இதழிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்த 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த அந்தத் தொடருக்கு மணியம் வரைந்த படங்களை முதலில் பார்த்துவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்த பிறகே மகள் எழுத்துக்கு வருவாள். நான் வாசித்தவை இரண்டு. ஒன்று, அழகர் கோயிலைப் பற்றித் தொ. பரமசிவன் செய்த ஆய்வு. துருத்தி நீர் தெளிப்போர், திரியெடுப்போர், சாட்டையடிப்போர் என்று திருவிழாவுக்கு வேடமிட்டு வரும் அடியவர்களைத் தனித்தனியே பிரித்துச் சொல்கிறார். நான் அவர்கள் எல்லாருக்கும் ஒரே உடுப்பை வரைந்திருந்தேன். மற்றொன்று மதுரைக்காஞ்சி, நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளைச் சிறுவர் பகுதியில் விட்டுவிட்டு, நண்பகல்களில் உரையோடு படிக்கத் தொடங்கி, மீதியைச் சோழவந்தானில் முடித்தேன். 782 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் மதுரையின் இரு பெரிய கடைவீதிகளைச் சொல்ல வரும் மாங்குடி மருதனார் 'ஓவுக் கண்டன்ன' என்கிறார். ஓவியத்தைப் பார்ப்பது போல என்று பொருள். கடைவீதியைப் போல ஓவியம் வரைய நான் திணறிக்கொண்டிருக்க, அவர் ஓவியத்தைப் போலக் கடைவீதி இருக்கிறது என்கிறார். ஓவியர்களுக்கு அவர் தரும் பெயர் இன்னும் உறைக்கிறது: 'நுண்ணிதின் உணர்ந்த நுழைந்த நோக்கின் கண்ணுள் வினைஞர்'. பார்ப்பவர் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துகிறவர்கள் என்று உரை விளக்குகிறது. நம்முடைய பார்வை முதலில் பொருளுக்குள் நுழைய வேண்டும், அதன் பிறகுதான் படம் பிறர் கண்ணுக்குள் நுழையும் என்று அந்த இரண்டு அடிகளையும் சேர்த்துப் படித்துக்கொண்டேன்.

மே 12, சித்ரா பௌர்ணமி. அழகர் முன்பெல்லாம் எங்கள் பக்கத்துத் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில்தான் அது மதுரைக்கு மாறியது என்றும் அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்; தேனூர்க்காரர்களுக்கு அந்த மனக்குறை இன்னும் போகவில்லை என்பது அவருடைய கட்சி. விடிவதற்கு முன்பே ஆழ்வார்புரம் அருகே ஆற்றங்கரையில் நெருக்கியடித்து நின்றோம். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மகன் அவன் அப்பாவின் தோளில் இருந்தான். அழகரை நான் பார்த்தது சில நொடிகள்தான்: தலைகளுக்கும் தூக்கிய கைகளுக்கும் மேலே ஒரு பொன்னிறம் எழுந்து, ஆடி, நகர்ந்தது. அதற்குள் பக்கத்தில் நின்றவர் பீய்ச்சிய தண்ணீரில் நோட்டு நனைந்துவிட்டது.

கூட்டம் சற்றுக் கலைந்ததும் அவரிடமே கேட்டேன். அறுபதைத் தாண்டியவர், சரிகை வைத்த உடுப்பு, தலையில் குல்லாய். சிரித்துக்கொண்டே தோப்பறையைக் கழற்றி, "தூக்கிப் பாருங்க தாயி" என்று நீட்டினார். தோளில் மாட்டிய நொடியில் என் உடல் இடப்புறம் சாய்ந்தது. பை தொங்கவில்லை, இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே தண்ணீர் அசைய அசைய அதுவும் உயிருள்ள ஆட்டுக்குட்டி போல் நெளிந்தது. நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் வலத்தோளை இறக்கி, இடது முழங்கையால் அதை விலாவோடு அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் இதழில் வரைந்தவர் சிப்பாயைப் போல நேராக நின்றிருந்தார். "ஒரு குடந்தேன் கொள்ளும். ஆனா விடிய விடியத் தோள்ல கிடக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சாய்ந்து நடந்து போனதை, வீடு திரும்பும் வரை யாரிடமும் பேசாமல், மனத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

மேலூரிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியர் எழுதியது:

தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் அனுபவத்தையும் சேர்க்கத் தோன்றியது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வல்லூறுகள் உண்டு. ஏழெட்டு மாணவர்களோடு ஒரு காலை முழுவதும் பாறையடியில் காத்திருந்து, ஒரு வல்லூறு தலைக்கு மேலே போனதைக் கண்டோம். நான்கு நொடி இருக்கலாம். எல்லாரையும் வரையச் சொன்னேன். பறவை நூல்களில் இருப்பது போல அலகையும் கண்ணையும் இறகுகளையும் அழகாக வரைந்தவர்கள் பலர். ஒரு சிறுவன் மட்டும் முகமே இல்லாமல், கூர்மையான இரு சிறகுகளை வில்லைப் போல வளைத்து ஒரே கோட்டில் இழுத்து வைத்திருந்தான். அன்று நாங்கள் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். மற்றவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்ததை வரைந்துவிட்டார்கள். மதிப்பெண் போட வேண்டிய வேலையாக இருந்திருந்தால் பெற்றோர்களிடம் எனக்குச் சண்டைதான் வந்திருக்கும். அது போகட்டும். தங்கள் படத்தைத் திரும்ப வரைந்தீர்களா, தங்கள் அப்பா பார்த்தாரா என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

மதுரை தெற்குவாசலிலிருந்து இன்னொருவர் எழுதியது:

புகைப்படத்தின் மேல் எல்லாப் பழியையும் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் முன் உட்கார்ந்து வரைந்தார் என்பது உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் அந்தக் கண் வாய்ப்பதில்லை. நம் ஊரில் வளர்ந்த மனோகர் தேவதாஸ் பார்வை குறைந்துகொண்டே வந்த நோயோடு மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் மெல்லிய மைக்கோடுகளால் வரைந்தார். அவருக்கு நினைவும் துணை, கிடைத்த எல்லா உதவியும் துணை. புகைப்படத்தை நினைவூட்டும் சீட்டாக வைத்துக்கொள்வது வேறு, அதையே பொருளாக எடுத்துக்கொள்வது வேறு. நடுவில் நிற்பது யார் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் மூன்று பதில்கள் கிடைத்தன என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலில் எழுதியவரின் பதில்:

தெற்குவாசல் நண்பர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். குதிரை வாகனத்தின் கடிவாளத்துக்கு நானும் கடைசியில் ஒரு புகைப்படத்தைத்தான் பார்த்தேன். மேலூர் ஆசிரியருக்கு: ஆம், ஜூன் மாதம் அந்தப் படத்தைப் புதிதாக வரைந்தேன், யாரும் கேட்காமலே. சோழவந்தானுக்கு எடுத்துப்போய்க் கொடுத்தபோது அப்பா வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றி, மூக்கருகே வைத்துப் பார்த்தார். "தண்ணி இருக்கு" என்றார். பிறகு தோளின் மேல் விரலை வைத்து, "அடியில துண்டு மடிச்சுப் போடலையே, தோல் வாரு அறுத்துருமேம்மா" என்றார்.