‘ஏட்ராமாட்டிக் கேர்’: ‘நோகாப் பேணல்’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘ஏட்ராமாட்டிக் கேர்’ (atraumatic care) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நீங்கள் அனுப்பிய பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். சென்னையில் குழந்தை நலச் செவிலியம் கற்பிப்பவள் என்ற முறையில் என் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாணவியர் பாடத்தை ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் வார்டில் குழந்தையின் தாயிடமும் பாட்டியிடமும் தமிழில்தான் பேசியாக வேண்டும். ஆகவே நாம் ஆக்கும் சொல் அகராதியில் மட்டுமல்லாமல், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் வாயிலும் தயக்கமின்றி வர வேண்டும்.

கருத்து இதுதான். சிகிச்சையின் பெயரால் குழந்தையின் உடலுக்கும் மனத்துக்கும் நேரும் துன்பத்தை இயன்றவரை நீக்குவது அல்லது குறைப்பது. அமெரிக்கச் செவிலியர் டோனா வாங் இதற்கு மூன்று நெறிகளை வகுத்தார்: குழந்தையைக் குடும்பத்திடமிருந்து பிரிக்காதிருத்தல், தனக்கு நடப்பதில் தனக்கும் ஒரு பிடி இருக்கிறது என்று குழந்தையை உணரவைத்தல், உடற்காயத்தையும் வலியையும் தவிர்த்தல். வலியை அளக்க நாம் குழந்தைகளிடம் காட்டுகிறோமே, ஆறு முகங்கள் வரைந்த அட்டை, அதை கானி பேக்கருடன் சேர்ந்து உருவாக்கியவரும் அவரே.

‘அதிர்ச்சியற்ற பராமரிப்பு’ நேர்ப்பெயர்ப்பாகச் சரியாகத் தோன்றினாலும், ‘அதிர்ச்சி’ என்பது இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்தாகும் ‘ஷாக்’ நிலைக்கு ஏற்கெனவே வழங்கிவிட்டது. ஒரே வார்டில் ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்குவது நல்லதல்ல. ‘வலியில்லா’ என்றால் மூன்றாம் நெறி மட்டுமே அடங்கும். தாயை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும்போது குழந்தை படும் பாட்டை ‘வலி’ என்ற சொல் தொடுவதில்லை. ‘ஊறிலாப் பேணல்’ அழகான தமிழ்தான், ஆனால் ‘ஊறு’ என்றால் தீங்கு என்று ஒவ்வொரு தாய்க்கும் விளக்க வேண்டியிருக்கும். ‘மென்பராமரிப்பு’ எதையும் குறித்துச் சொல்லவில்லை.

‘நோகா’ என்ற சொல்லை எனக்குத் தந்தவர் வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி. அப்போது நான் வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். நான்கு வயதுப் பையனுக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற இரத்த நாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) போட வேண்டியிருந்தது. முந்தைய முறை இரண்டு பேர் அவனை மேசையில் மல்லாத்தி அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அதனால் வெள்ளை உடுப்பைப் பார்த்ததுமே அவன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். பாட்டி என் மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ளைக்கு நோவாம போடும்மா” என்றார். ஒரு மணி நேரம் முன்னதாகவே மரப்புக் களிம்பைத் தடவிவைத்துவிட்டு, பையனைத் தாயின் மடியில் மார்போடு மார்பாக உட்காரவைத்து, எந்தக் கையில் போடலாம் என்று அவனையே கேட்டோம். இடது கையை நீட்டினான். முகம் சுளித்தான், கொஞ்சம் அழுதான். ஆனால் கையை இழுக்கவில்லை.

அந்தச் சொல்லைப் பிறகு பலநாள் எண்ணிப் பார்த்தேன். ‘கால் நோவுது’ என்கிறோம். ‘மனசு நோகும்படி பேசாதே’ என்றும் சொல்கிறோம். உடலையும் மனத்தையும் ஒரே வினை தாங்குகிறது. நோய், நோயாளி என்னும் சொற்களும் அதே வேரிலிருந்து வந்தவை. நமக்குத் தேவையான பரப்பு முழுவதும் அதில் இருக்கிறது.

நோவது குழந்தைதானே, ‘நோகாப் பேணல்’ என்றால் பேணல் நோகாது என்று ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பெயரெச்சம் செய்பவனை மட்டுமல்லாமல் கருவி, நிலம், காலம் முதலியவற்றையும் கொண்டு முடியும் என்பதை நன்னூலே ஏற்கிறது. ‘பசி தீரும் சோறு’ என்னும்போது பசி தீர்வது சோற்றுக்கு அன்று; ‘உறங்கா இரவு’ என்னும்போது உறங்காதது இரவும் அன்று. ‘நோகாமல் நுங்கு தின்பது’ என்ற வழக்கு நினைவுக்கு வந்து சொல்லைத் தாழ்த்திவிடும் என்ற தடையும் வந்தது. அந்த வழக்கில் நோகாதிருப்பவன் தனக்காக நோகாதிருக்கிறான். இங்கே ‘பேணல்’ அடுத்து வந்து பொருளைக் கட்டிவிடுகிறது.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் பட்ட தடை வேறு: சொல் ஒரு வாக்குறுதியாகிவிடுமோ என்பது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலைச் சில துளி நாவில் விட்டாலும், தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே குத்தினாலும், வலி குறையுமே தவிர இல்லாமல் போகாது. “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று பொய் சொல்லாதீர்கள், சொன்னால் அடுத்தமுறை அந்தக் குழந்தை உங்களை நம்பாது என்று மாணவியருக்கு நாள்தோறும் சொல்பவள் நான். “சாப்பிடலன்னா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க” என்று பெற்றோர் மிரட்டுவதையும் தடுக்கச் சொல்கிறேன். அப்படியிருக்க, நானே ‘நோகா’ என்று பெயர் வைக்கலாமா? மூலச்சொல்லின் ‘ஏ’ (a-) என்னும் முன்னொட்டும் முழு மறுப்பைத்தான் சொல்கிறது. விளக்கத்தில்தான் ‘அல்லது குறைப்பது’ என்று வருகிறது. நாமும் அவ்வாறே விளக்கத்தில் வரம்பு கட்டலாம் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன்.

பேச்சில் ‘நோவா’ என்று வந்தாலும் எழுத்தில் அது விவிலியத்து நோவாவாகப் படிக்கப்படும் என்பதால் ‘நோகா’ என்றே கொள்கிறேன்.

இதனோடு சேர்ந்து ஒரு துணைச்சொல்லும் வேண்டும். அமுக்கிப் பிடிப்பதற்கு மாற்றாக, தாயோ தந்தையோ மடியில் அணைத்து உட்காரவைத்துக்கொள்ளும் முறைக்கு ‘மடிப்பிடி’ என்று சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் ஒருமுறை செய்து காட்டியதும் மாணவியர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது என்னைக் கேட்காமலே தாய்மாரிடம், “அம்மா, மடிப்பிடியா வச்சுக்கோங்க” என்கிறார்கள்.

செய்முறைக் கையேட்டில் சேர்க்க நான் எழுதியுள்ள விளக்கம் கீழே இருக்கிறது. ‘இயன்றவரை’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

நோகாப் பேணல்: சிகிச்சையால் குழந்தையின் உடலுக்கும் மனத்துக்கும் உண்டாகும் நோவை இயன்றவரை நீக்கியோ குறைத்தோ, குடும்பத்தாரை உடன் வைத்துக்கொண்டு செய்யும் செவிலியப் பணி.