பதில்: சைட்டஸ் இன்வெர்சஸ் – 'வலம்புரி உடல்' வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம். இதயம், கல்லீரல் முதலான உள்ளுறுப்புகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகப் பக்கம் மாறியிருக்கும் பிறவி அமைப்புதான் சைட்டஸ் இன்வெர்சஸ். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் வந்த ஒரு யோசனைக்கு இது பதில்.

> ஆயிரமாயிரம் இடம்புரிக்கு நடுவில் ஒன்றுதான் வலம்புரி. பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் உள்ளுறுப்பெல்லாம் பக்கம் மாறியிருக்கிறது. குமரிக் கடற்கரைக்காரன் இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? 'வலம்புரி உடல்' என்று வைத்துவிடலாம்.

குளச்சல் தம்பியின் இந்த வரிகளைப் படித்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கன்னியாகுமரி கடற்கரையில் சங்குக் கடையைத் தாண்டிப் போகும் எவருக்கும் வலம்புரியைத் தெரியும். கேட்டவுடன் மனதில் நிற்கும் சொல்.

சிக்கல் சங்கிலேயே தொடங்குகிறது. நாம் சங்கின் வால்முனையை மேலே வைத்து, வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துப் பெயர் சொல்கிறோம். விலங்கியல்காரர்கள் சுருள்நுனியை மேலே வைத்துப் பார்ப்பார்கள். அதனால் நமது வலம்புரி அவர்களுக்கு இடச்சுருள், நமது இடம்புரி வலச்சுருள். சரி, அது சங்குக்காரர்கள் பாடு. (அமெரிக்கக் கடலில் இயல்பிலேயே அந்தப் பக்கம் சுருளும் வேறோர் இனம் உண்டு. அதையும் வலம்புரி என்று விற்கிறார்கள். வாங்கும்போது கவனம்!)

இதயத்துக்கு வந்தால் இன்னும் மோசம். கருவின் நான்காம் வாரத் தொடக்கத்தில் இதயம் வெறும் நேர்க்குழாய். அது வளையத் தொடங்கும்போது, நம் எல்லோருக்கும், வலப்பக்கமாகத்தான் புடைத்து வளைகிறது. அதாவது சாதாரண மனிதனின் இதயம்தான் வலம்புரி. பக்கம் மாறியவரின் இதயம் இடம்புரி! 'வலம்புரி உடல்' என்று பாடநூலில் எழுதினால், அடுத்த பக்கத்தில் கருவளர்ச்சியைப் படிக்கும் மாணவன் எது எது என்று தெரியாமல் முழிப்பான். எனவே வலம்புரி, இடம்புரி இரண்டையும் இதயக் குழாயின் வளைவுக்கு என்று எடுத்து வைத்துக்கொள்வோம். அங்கே அவை அச்சாகப் பொருந்துகின்றன. 'புரி' என்றாலே முறுக்கு, சுருள்தானே.

இனி என் கதை. நான் முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன். இருட்டறையில் பிலிம் கழுவிய காலம். ஒரு நாள் கடலோர ஊரிலிருந்து ஒரு வாலிபனை அவன் அம்மா கூட்டி வந்தார். தீராத இருமல். நெஞ்சுப் படம் எடுத்து, கழுவி, விளக்குப் பெட்டியில் மாட்டினேன். இதயத்தின் நுனி வலப்பக்கம் பார்த்து நின்றது. பிலிமைத் திருப்பி மாட்டினேன். இப்போது, இடமா வலமா என்று காட்டப் படத்தில் விழும்படி வைக்கும் ஈய எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் தெரிந்தது. எழுத்தைத்தான் பக்கம் மாற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று இன்னொரு படம் எடுத்தேன். அதே கதை. மூத்தவரிடம் காட்டினேன். "பிலிமை வீணாக்காதே, எழுத்தை ஒழுங்காக வை" என்று ஏசினார்.

டாக்டர் பார்த்ததும் முதலில் இதயத்தைப் பார்க்கவில்லை. உதரவிதானத்துக்குக் கீழே இரைப்பையின் காற்றுக்குமிழி எங்கே என்று தேடினார். அதுவும் வலப்பக்கம். கல்லீரலின் நிழல் இடப்பக்கம். ஸ்டெதஸ்கோப்பை வலது நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஈசிஜி எடுத்தபோதும் அதே சந்தேகம் வந்தது. கைகளுக்கான ஒயர்களை மாற்றி மாட்டினாலும் முதல் லீடில் (இரு கைகளுக்கு இடையே எடுக்கும் பதிவு) அலைகள் தலைகீழாகத்தான் விழும். ஆனால் அப்போது நெஞ்சில் ஒட்டும் லீடுகள் ஒழுங்காக இருக்கும். இந்தப் பையனுக்கு அங்கேயும் வரிசையாக அலை சிறுத்துக்கொண்டே போனது. ஒயர் சரி, ஆள்தான் அப்படி.

"சின்னதுல இருந்தே இவனுக்குச் சளி விட்ட நாள் கெடையாது" என்று அம்மா சொன்னது எனக்கு இன்னும் ஓர்மை இருக்கிறது. அந்த ஒரு வரியில்தான் நோயே இருந்தது. சைனஸ் அழற்சி, விரிந்துபோன மூச்சுக்கிளைகள், பக்கம் மாறிய உறுப்புகள் மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதை 1933-இல் கார்ட்டஜனர் என்ற சுவிஸ் மருத்துவர் விரித்து எழுதினார். காரணம் புரிய இன்னும் நாற்பது வருஷம் போல ஆயிற்று. 1976-இல் சுவீடன் ஆய்வாளர் அஃப்சேலியஸ், இவர்களின் குற்றிழைகள் (செல்களின் மேல் மயிர்போல் நின்று அசையும் நுண்ணிழைகள்) சரியாக அசைவதில்லை என்று காட்டினார். மூச்சுக்குழாயில் அசையாவிட்டால் சளி வெளியேறாது. விந்தணுவின் வாலும் அதே அமைப்புதான், அதனால் அதுவும் சரியாக நீந்தாது. உறுப்புகள் ஏன் பக்கம் மாற வேண்டும் என்பதற்கு விடை 1998-இல் ஜப்பானியர் எலிக் கருவில் செய்த ஆய்வில் கிடைத்தது. கருவில் ஒரு சிறு குழி. அதிலுள்ள இழைகள் சுழன்று நீரை இடப்பக்கம் தள்ளுகின்றன. அந்த ஓட்டம்தான் உடலுக்கு இடம் எது, வலம் எது என்று சொல்லிக்கொடுக்கிறது. ஓட்டம் இல்லையென்றால் பூவா தலையா போட்ட கதை. அதனால்தான் குற்றிழை நோய் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு மட்டும் பக்கம் மாறுகிறது.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் யாரும் சொல்லவில்லை. "உமக்கு நெஞ்சு மாறி இருக்கு" என்றார்கள். அவன் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் "அவனுக்கு நெஞ்சே இல்லையாம்" என்று ஆகிவிட்டது. அன்றைக்கே தோன்றியது, இதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும் என்று.

இதுவரை இங்கே வந்தவற்றைப் பார்க்கிறேன். 'உறுப்பு மாற்றம்' கூடவே கூடாது. உறுப்பு மாற்று அறுவைக்கு வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். 'இடமாற்றம்' ஏற்கெனவே இதயத்தின் பெருங்குழாய்கள் மாறிப் பிறக்கும் குறைக்கு வழங்குகிறது. அது பச்சைக் குழந்தையின் உயிர்ப் பிரச்சினை, இரண்டும் குழம்பக் கூடாது. 'தலைகீழ் அமைவு' தப்பு, இங்கே எதுவும் மேலும் கீழும் மாறவில்லை. 'பிறழ்வு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்படிப் பிறந்தவர்களில் பலர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து போகிறார்கள். அமெரிக்காவில் 99 வயது வரை வாழ்ந்த ஓர் அம்மாவின் உடலைப் போர்ட்லாந்தில் மாணவர்கள் அறுத்துப் படித்தபோதுதான் வயிற்று உறுப்புகள் மாறியிருந்தது தெரிந்ததாம். அவரிடம் போய்ப் 'பிறழ்வு' என்பதா?

தக்கலை ஆசிரியர் சொன்ன 'ஆடியமைவு' அழகுதான். குழியாடி, குவியாடி படித்த பிள்ளைகளுக்குப் புரியும். மற்றவர்களுக்கு ஆடி அமாவாசைக்கு ஏதோ என்று கேட்கும். மன்னிக்கவும் சார்.

என் முன்மொழிவு: இடவல மாறமைவு. எல்லாம் மாறியிருந்தால் முழு இடவல மாறமைவு. அந்தப் போர்ட்லாந்து அம்மாவைப் போல இதயம் மட்டும் தன் இடத்திலேயே இருந்தால் 'இதயம் மாறா இடவல மாறமைவு'. வழக்கமான அமைப்பு இயல்பமைவு. இதயம் வலப்பக்கம் இருப்பதை மட்டும் சொல்ல 'வலஞ்சார் இதயம்'. 'வலது இதயம்' என்று எழுதினால் வலப்பக்க அறைகள் என்று பொருளாகிவிடும்.

நாகர்கோவிலிலிருந்து

---

அண்ணாச்சி, மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். மாறமைவு எனக்குச் சம்மதம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முழுதாக மாறாமல், பாதி மாறிக் கலந்து கிடக்கும் வகை உண்டே? முழு மாறமைவை விட அதுதான் ஆபத்து. இதயக் குறைகள் கூடவே வரும். மண்ணீரல் இல்லாமலே போகலாம், அல்லது துண்டு துண்டாகப் பல இருக்கலாம். மண்ணீரல் இல்லாத பிள்ளைக்குச் சாதாரணக் கிருமியே எமன். அதற்கென்று தடுப்பூசிகளைப் பார்த்துப் போட வேண்டும். அதையும் 'மாறமைவு' என்று எழுதிவிட்டால், "இதில் ஒன்றும் பயமில்லை" என்று பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குத் தனியாகக் 'கலப்பமைவு' என்று வைக்கலாமா?

---

மார்த்தாண்டம் டாக்டரம்மா, கலப்பமைவு நன்றாக இருக்கிறது, சேர்த்துக்கொண்டேன். 'குழம்பமைவு' என்று நான் எழுதி வைத்திருந்தேன், மீன்குழம்பு ஞாபகம் வந்து நானே அடித்துவிட்டேன்.

சொல்லைச் சோதிக்க ஒரு வழி தோன்றுகிறது. இப்படிப்பட்டவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை எழுதிப் பார்ப்போம். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ள வேண்டும். நான் எழுதியது கீழே. யாராவது திருத்துங்கள்.

"எனக்கு முழு இடவல மாறமைவு உள்ளது. என் இதயம் வலப்பக்கம், கல்லீரலும் பித்தப்பையும் இடப்பக்கம். குடல்வால் வலி எனக்கு இடப்பக்க அடிவயிற்றில் வரலாம். ஈசிஜி லீடுகளை வலது நெஞ்சிலும் வைத்து எடுக்கவும். எக்ஸ்ரே பிலிம் சரியாகத்தான் மாட்டப்பட்டிருக்கிறது."