காசு தங்காத கை: நமக்கு நாமே குறுக்கே நின்ற அனுபவங்கள்

அம்பத்தூர் தையல்காரி

2019 ஆவணி மாதம். அண்ணா நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா என் வீடு தேடி வந்து, மாதம் பன்னிரண்டு ஆரி பிளவுஸ் செய்து தர முடியுமா என்று கேட்டார். அவர் சொன்ன தொகையை நான் அதுவரை ஒரு மாதத்தில் பார்த்ததே இல்லை. சரி என்றேன். முதல் நான்கு துணியையும் அளவு ஜாக்கெட்டையும் வைத்துவிட்டுப் போனார். பத்து நாள் அவகாசம்.

எட்டு நாள் அந்தப் பையை நான் பிரிக்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தேன், யாருடைய பாவாடைக்கோ நாடா கோர்த்தேன், மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஒன்பதாம் நாள் ராத்திரி உட்கார்ந்து, ஒரு பிளவுஸுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத தப்பு. துணியோ பட்டு. வேறு துண்டு கிடையாது.

அந்த அம்மா கத்தவில்லை. மிச்சத்தை வாங்கிக்கொண்டு போனார், அப்புறம் வரவில்லை. அன்றைக்கு நான் அழுது தீர்த்திருக்க வேண்டும். ஆனால் நன்றாகத் தூங்கினேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்தத் தூக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான். அவ்வளவு பெரிய ஆர்டர் கையை விட்டுப் போனபோது எனக்குள் முதலில் வந்தது 'அப்பாடா'.

அதற்கப்புறம் யோசித்துப் பார்த்தால், எத்தனையோ முறை இப்படித்தான் நடந்திருக்கிறது. தெருவில் எல்லாரும் லைனிங் பிளவுஸுக்கு ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது வாங்கும்போது நான் முந்நூறில் நின்றேன். கூலி கேட்க வேண்டிய இடத்தில், "இருக்கட்டும்மா, அப்புறம் குடுங்க" என்பேன். கொஞ்சம் காசு சேர்ந்தால் உடனே ஏதாவது ஒரு செலவை இழுத்து வைத்துக்கொள்வேன்.

ஒரு தோழி சொல்லி, ஆழ்மனத்தை மாற்றும் பயிற்சி ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஓட்டல் ஹாலில் நடந்தது. கட்டணத்துக்காக என் ஒரு மாதச் சேமிப்பு போனது. கண்ணாடி முன்னால் நின்று "பணம் என்னைத் தேடி வருகிறது" என்று காலையில் ஐம்பது முறை, ராத்திரி ஐம்பது முறை சொல்ல வேண்டும். நாற்பது நாள் ஒழுங்காகச் சொன்னேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உள்ளே ஒரு குரல், "யாரிடம் கதை விடுகிறாய்?" என்று கேட்டது. நாற்பது நாள் கழிந்தபோது முன்னைவிட மோசமாக இருந்தேன். இதுகூட என்னால் முடியவில்லையே என்ற வருத்தமும் சேர்ந்துகொண்டது.

அப்புறம்தான் ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகரிடம் போனேன். அதற்கே இரண்டு வருடம் தயங்கினேன். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே கேலிச் சொல்லாக வைத்துப் பேசி வளர்ந்தவர்கள் நாம். 1794-இல் தொடங்கி இத்தனை தலைமுறைக்கு மருத்துவம் பார்த்த மனநல மருத்துவமனையை அப்படிப் பேசிப் பேசியே, உதவி வேண்டியவர்களை வீட்டுக்குள் முடக்கிவிட்டோம். நானும் அப்படிப் பேசியவள்தான், அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அந்த ஆலோசகர் என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண். கையைத் தப்பாக வெட்டிய கதையைச் சொன்னதும், "அக்கா, அந்த ஆர்டர் போனப்ப உங்களுக்கு முதல்ல என்ன தோணுச்சு?" என்று கேட்டார். அப்பாடா என்று இருந்தது என்றேன். "எதுலேருந்து தப்பிச்ச மாதிரி?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று வாரம் ஆனது. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா ஏலச்சீட்டில் பணத்தை இழந்தார். எஸ்டேட் பக்கம் வைத்திருந்த பெட்டிக்கடையை விற்றோம். அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, "நம்ம வம்சத்துக்குக் காசு தங்காது" என்றார். அதற்கப்புறமும் நூறு தடவை சொல்லியிருப்பார். பணம் வந்தால் அது போகப்போகிறது, போகும்போது அப்பாவைப் போல உட்கார வேண்டும் என்று என் மனசு முடிவு கட்டியிருக்கிறது. வராமலே இருந்துவிட்டால் போகிற வலியும் கிடையாதே. என்னைக் காப்பாற்றத்தான் அந்த நம்பிக்கை அத்தனை வருடம் காவல் நின்றிருக்கிறது. இது புரிந்த அன்றைக்கு எனக்கு என் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவரைப் பற்றி அந்தப் பெண்தான் சொன்னார். 1960-களில் மனச்சோர்வு வந்தவர்களிடம் அவர் கவனித்தது இது: ஒரு சம்பவம் நடந்த நொடியில் மனத்தில் தானாக ஒரு எண்ணம் ஓடும், அந்த எண்ணத்துக்கு அடியில் சின்ன வயதில் ஊன்றிய நம்பிக்கை ஒன்று இருக்கும். அதை எதிர்த்து வாதாடுவதைவிட, அது சொல்வது நடக்கிறதா என்று செய்து பார்க்கச் சொல்வார்களாம். கண்ணாடிப் பயிற்சி ஏன் பலிக்கவில்லை என்றும் அந்தப் பெண்ணே விளக்கினார். கனடாவில் ஜோஆன் வுட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றி நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. தன்னைக் குறைவாக நினைப்பவர்களுக்கோ மனநிலை இன்னும் இறங்கியது. நாற்பது நாளும் நான் ஏமாற்றவில்லை, சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்துக்கு நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், வலது பக்கம் என்ன நடந்தது. முதல் சோதனை: அடுத்து வருகிற மூன்று பேரிடம் மட்டும் கூலியை ஐம்பது ரூபாய் கூட்டிச் சொல்வது. இடது பக்கம் எழுதினேன்: "மூன்று பேரும் போய்விடுவார்கள். ஒருத்தி தெருவில் சொல்லி மானத்தை வாங்குவாள்." எவ்வளவு நம்புகிறாய் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு. வலது பக்கம்: "இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் பேரம் பேசி இருபது குறைத்தார்." அந்த மூன்றாவது ஆள் இன்றைக்கும் என்னிடம்தான் தைக்கிறார்.

ஐந்து மாதத்தில் அந்த நோட்டு நிரம்பியது. தொண்ணூறு ஐம்பத்தைந்து ஆனது. பூஜ்ஜியம் ஆகவில்லை. ஒரு ஆர்டர் நிஜமாகவே கை நழுவியது, அதையும் வலது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

தள்ளிப்போடுவதற்கு மட்டும் ஒரு தனி வழி. துணி கைக்கு வந்த அதே மணி நேரத்தில் லைனிங்கைத் தண்ணீரில் போட்டுவிடுவேன். லைனிங் நனைத்துச் சுருங்கின பிறகுதான் வெட்ட முடியும் என்பது தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஊறப் போட்டுவிட்டால் மறுநாள் காய்ந்து மடியில் கிடக்கும், வெட்டாமல் இருக்க முடியாது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சைதாப்பேட்டை தேர்வர்

அக்கா, அந்த 'அப்பாடா' எனக்குத் தெரியும். குரூப் 2 அரசு வேலைத் தேர்வை மூன்று முறை எழுதியிருக்கிறேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் காலை ஒன்பதுக்கு நுழைந்தால் ராத்திரிதான் வெளியே வருவேன். ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தின நாள் ஏதாவது ஒன்று செய்துவிடுவேன். ஒரு தடவை விடிய விடிய கிரிக்கெட். ஒரு தடவை நண்பனின் கல்யாணத்துக்கு வேலூர் போய் அதிகாலை பஸ்ஸில் திரும்பி நேராகத் தேர்வு அறைக்கு. முடிவு வந்ததும், "தூக்கமே இல்லாமல் இவ்வளவு மார்க் எடுத்திருக்கான்" என்று வீட்டில் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

என் விஷயத்தில் உள்ளே இருந்த நம்பிக்கை அக்காவுடையதற்கு நேர் எதிர்: நான் கெட்டிக்காரன். முழு மூச்சாக எழுதித் தோற்றால் அது பொய் என்று ஆகிவிடும். அதனால் தோல்விக்குக் காரணத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்தேன்.

1978-இல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இருவர் செய்த சோதனையைப் படித்தபோது என்னைப் பற்றி எழுதியது போலவே இருந்தது. கல்லூரி மாணவர்களிடம் பெரும்பாலும் விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்துவிட்டு, பிரமாதமாகச் செய்தாய் என்று பாராட்டினார்கள். அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மருந்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: ஒன்று திறமையைக் கூட்டும், இன்னொன்று குறைக்கும் என்றார்கள். எதனால் ஜெயித்தோம் என்று தெரியாத அந்த ஆண் மாணவர்களில் பலர் குறைக்கிற மருந்தையே கேட்டார்கள்.

போன வருடத்திலிருந்து ஞாயிறுதோறும் நன்றாகத் தூங்கி எழுந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து, 200 கேள்வி மாதிரித் தேர்வு எழுதுகிறேன். முதல் வாரம் 118 சரி. சாக்கு சொல்ல ஒன்றும் இல்லாத முதல் மதிப்பெண் அது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் எந்தப் பாடத்தில் விட்டேன் என்று பார்க்க முடிந்தது. தூக்கம் கெட்ட மதிப்பெண்ணில் அதைப் பார்க்கவே முடியாது.

வியாசர்பாடியிலிருந்து

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மனசு மேல் போடாதீர்கள். மூன்று இடத்து நேர்முகத்தில் என் முகவரியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனியில் "அந்த ஏரியாவா?" என்று கேட்டே விட்டார்கள். அது என் ஆழ்மனம் செய்த கற்பனை இல்லை.

ஆனால் அந்த மூன்று இடத்துக்கு அப்புறம் நான்காவது இடத்துக்கு நான் விண்ணப்பமே போடவில்லை. ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தில் யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். அக்கா போட்ட கோட்டைப் பார்த்ததும் தோன்றியது, என் நோட்டில் கோடு வேறு மாதிரி விழ வேண்டும்: ஊர் செய்தது ஒரு பக்கம், ஊர் செய்யும் முன்னாலேயே நான் செய்துகொண்டது ஒரு பக்கம். முதல் பக்கத்துக்கு நான் பொறுப்பு இல்லை. திங்கட்கிழமை இரண்டு இடத்துக்கு அனுப்பினேன்.

அம்பத்தூர் தையல்காரி

வியாசர்பாடித் தங்கைக்கு: நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்பாவின் பணத்தைச் சீட்டு நடத்தியவர்தான் கொண்டுபோனார், அப்பாவின் ராசி கொண்டுபோகவில்லை. அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அந்த வார்த்தை வந்து சேர்ந்திருக்காது என்று இப்போதுதான் தோன்றுகிறது. திங்கட்கிழமை அனுப்பியதற்கு என்ன பதில் வந்தாலும் இங்கே எழுதுங்கள், காத்திருப்பேன்.

எங்கே போவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி, 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்கிற அளவுக்கு மனசு போயிருந்தால் நோட்டு, சோதனை எல்லாம் அப்புறம், முதலில் அந்த எண்.

தை முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஒன்பது பிளவுஸ் வந்திருக்கிறது. மணப்பெண்ணுடையதற்கு மட்டும் எட்டாயிரத்து ஐந்நூறு சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் குறைக்கவில்லை. பாதி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். இடது பக்கம் எழுதியாகிவிட்டது, அதில் என்ன எழுதினேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். லைனிங் பக்கெட்டில் ஊறுகிறது, போய்ப் பிழிந்து போட வேண்டும்.