அப்பாவுக்குச் செய்தி கேட்க வேண்டும்: டிவிக்கு ஸ்பீக்கர் வாங்கிய அனுபவம்

அப்பாவுக்கு 74 வயது. இரவு எட்டு மணிச் செய்தியை ஒரு நாளும் விடமாட்டார். போன வருடம் பழைய டப்பா டிவி போய் 43 அங்குல டிவி வந்தது. படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் ஒரே வாரத்தில் வால்யூம் 20-லிருந்து 45-க்கு ஏறிவிட்டது. அப்படியும் "என்னடா சொல்றான்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்பதையும் நிறுத்திவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீழே ஓடும் எழுத்தை மட்டும் படித்தபடி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்கக் கிளம்பினேன்.

பழைய டிவியில் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து இருந்தது. இப்போது வருகிற மெல்லிய டிவிகளில் பெரும்பாலும் அது கீழ் விளிம்பில் தரையைப் பார்த்தோ, பின்பக்கம் சுவரைப் பார்த்தோ இருக்கிறது. சத்தம் எங்கேயோ மோதித்தான் நம்மிடம் வருகிறது.

கடையில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். நெஞ்சு அதிர்ந்தது. வாட்ஸைப் பார்த்து, 2.1 பார் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கர், கனத்த கீழ் ஒலிக்குத் தனியாக ஒரு சப்வூஃபர் பெட்டி, அதுதான் 2.1. பாட்டுக்கு அருமையாக இருந்தது. செய்திக்கும் சீரியலுக்கும்தான் சரிப்படவில்லை. பின்னணி இசை முன்பைவிடப் பெரிதாக எழுந்து வசனத்தை விழுங்கியது. மூன்றாம் நாள் கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, "தம்பி, எங்க வீட்டு அலமாரிப் பாத்திரமெல்லாம் அதிருதுப்பா" என்றார். அப்பா இன்னும் எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் அப்பாவைக் காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் சொன்னது எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. வயதாகும்போது முதலில் குறைவது மேல் ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்தின் ஓசை கேட்கும், மெய் நழுவிப்போகும். 'கடை', 'தடை', 'படை' மூன்றும் ஒன்றுபோலக் காதில் விழும். வால்யூமை ஏற்றினால் ஏற்கெனவே கேட்கிற பகுதிதான் இன்னும் சத்தமாகும். கூடவே பேஸும், அதாவது கனத்த கீழ் ஒலியும், சேர்ந்தால் மீதியிருக்கிற தெளிவையும் மூடிவிடும். நான் காசு கொடுத்து வாங்கி வந்தது அப்பாவுக்குத் தேவையானதற்கு நேர் எதிரானது.

கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்து 3.1 பாராக மாற்றிக்கொண்டேன். 5.1-இல் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, சப்வூஃபர் ஒன்று) கலந்த படத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஒலி, அதாவது தனி சேனல், உண்டு; வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். 2.1-இல் நடுவுக்கென்று ஸ்பீக்கர் கிடையாது. அந்த வசனம் இடதும் வலதுமாகப் பிரிந்து இசையோடு கலந்துவிடும். 3.1-இல் அதற்கென்று ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. டிவியில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஸ்டீரியோ, அதாவது இடது வலது இரண்டு மட்டும்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் குரலைத் தெளிவாக்கும் மோடை ஆன் செய்தால், இரண்டு பக்கமும் பொதுவாக வரும் குரலைப் பிரித்து நடுவுக்கு அனுப்புகிற பார்கள் இருக்கின்றன. என்னுடையதில் அது உண்டு.

பாரை முதலில் டிவி அலமாரித் தட்டின் உள்ளே தள்ளி வைத்திருந்தேன். குடத்துக்குள் பேசுவது போல இருந்தது. தட்டின் முன் விளிம்புக்கு இழுத்து வைத்ததும் குரல் வெளியே வந்தது. சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்தி, அதன் அளவையும் குறைத்தேன்.

அன்று இரவு வால்யூம் 18. அப்பா வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்தவர் மடியிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்தார். செய்தி முடியும்வரை கண்ணாடியைத் திரும்பப் போடவே இல்லை.

உங்கள் வீடுகளில் என்ன வாங்கினீர்கள், எது சரிவந்தது? விவரமாக எழுதுங்கள்.

* * *

கோவையிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. சவுண்ட்பார் நல்லதுதான், ஆனால் மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்து வாங்குகிற நம் ஊர் அசெம்பிள் செட்டை மறந்துவிடக் கூடாது. பள்ளிக்கூட நாட்களில் சத்தத்தைப் பெருக்கும் 4440 ஐசி போர்டு வாங்கி, சைக்கிள் கடை பேட்டரியில் பாட்டுக் கேட்டவன் நான். அந்த ஆசையில் இரண்டு வருடம் முன்பு தெரிந்த மெக்கானிக்கிடம் 5.1 ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) செய்யச் சொன்னேன். ஐந்து ஸ்பீக்கருக்கும் டிடிஏ 2030 ஐசி, சப்வூஃபருக்கு அதைவிடப் பெரிய டிடிஏ 7294 ஐசி, நல்ல கனமான டிரான்ஸ்ஃபார்மர். வேலை சுத்தம்.

படம் போட்டால் பின்னால் இருக்கிற இரண்டு ஸ்பீக்கரும் வசனம் பேசின! கதாநாயகன் திரையில் இருக்கிறான், குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. பல நாள் யோசித்த பிறகுதான் புரிந்தது. உள்ளே இருந்தது வெறும் பிரிப்பு போர்டு. சிவப்பு வெள்ளை வயரில் வருவது இரண்டே சேனல். அதையே ஐந்தாகப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் கொடுத்துவிடும். உண்மையான 5.1 வேண்டுமென்றால் டிவியிலிருந்து ஆப்டிக்கல் (ஒளியில் ஒலியைக் கடத்தும் வயர்) வழியாகவோ எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளை) வழியாகவோ டிஜிட்டலாக வர வேண்டும், அதை அவிழ்க்க ஆம்பில் டால்பி டிகோடர் இருக்க வேண்டும். மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்ட விலைக்கு அவர் செய்து கொடுத்தார்.

பிறகு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஆப்டிக்கல் உள்ளீடு உள்ள டிகோடர் போர்டு வாங்கி வந்து கொடுத்தேன், மாட்டிக் கொடுத்தார். மழைக் காட்சியில் பின் ஸ்பீக்கரில் மழை மட்டும் பெய்தது, பேச்சு நடுவில் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

செட் வாங்கப் போகிறவர்கள் சேனல் டெஸ்ட் கிளிப் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். ஆறும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பேச வேண்டும். எல்லாம் சேர்ந்து பேசினால் அது 5.1 இல்லை. பெட்டியில் பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச வாட்ஸ்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) எவ்வளவு என்று கேளுங்கள்.

* * *

மதுரை. சுருக்கமாகச் சொல்கிறேன். டிவியையும் பாரையும் ப்ளூடூத்தில் இணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். என் மகளின் பரதநாட்டிய வகுப்பு வீடியோவைப் பெரிய திரையில் போட்டோம். கால் தரையில் பட்டு ஒரு கணம் கழித்துத்தான் சலங்கைச் சத்தம் வந்தது. குழந்தை முகம் வாடிவிட்டது, "நான் தாளத்துல ஆடலையாம்மா?" என்று கேட்டாள். அவள் சரியாகத்தான் ஆடியிருந்தாள். ப்ளூடூத்தில் சத்தம் சுருங்கி, மறுபடி விரிந்து வருவதற்குள் தாமதமாகிவிடுகிறது.

எச்டிஎம்ஐ வயர் போட்டதும் சரியானது. முதலில் வயர் போட்டும் சத்தம் வரவில்லை. டிவியின் பின்னால் மூன்று துளைகள் இருந்தன, அதில் ஒன்றில்தான் ஏஆர்சி என்று எழுதியிருந்தது. நான் வேறொன்றில் மாட்டியிருந்தேன். மெனுவில் சிஇசி என்பதையும் ஆன் செய்ய வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆன் செய்துவிட்டால் டிவி ரிமோட்டிலேயே பாரின் வால்யூமும் கூடும், குறையும்.

* * *

திருநெல்வேலி. புதிதாக எதுவும் வாங்காமல், 90-களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்பையும் புத்தக அலமாரித் தட்டில் வைக்கிற அளவிலான இரண்டு ஸ்பீக்கரையும் டிவிக்கு மாட்டினேன். ஆம்பில் ஆப்டிக்கல் கிடையாது, அதனால் டிஜிட்டல் ஒலியைப் பழைய ஆம்புக்கு ஏற்றபடி மாற்றித் தர நடுவில் ஒரு சின்ன டிஏசி பெட்டி. மாட்டியதும் ஒரு சத்தமும் இல்லை. பெட்டி கெட்டது என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். டிவி டால்பியாக, அதாவது சுருக்கி, அனுப்பிக்கொண்டிருந்தது, அந்தப் பெட்டிக்குப் பிசிஎம் என்ற சுருக்காத ஒலி மட்டும்தான் தெரியும். டிவி மெனுவில் ஆடியோ வெளியீட்டைப் பிசிஎம் என்று மாற்றியதும் பாடத் தொடங்கிவிட்டது.

இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தால் குரல் திரையின் நடுவிலிருந்து வருவது போலவே இருக்கும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கருக்கு ஓடிவிடும். நானும் மனைவியும் மட்டும்தான், எங்களுக்குப் போதும். கூடம் முழுக்க ஆள் உட்காரும் வீட்டுக்கு முதலில் எழுதியவர் சொன்ன நடு ஸ்பீக்கர்தான் சரி.

* * *

எழுதிய எல்லாருக்கும் நன்றி. மதுரைத் தோழி சொன்ன ஏஆர்சி விஷயம் முன்பே தெரிந்திருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். எங்கள் ஹால் 12-க்கு 10 அடி. தரை டைல்ஸ், சுவர் வெறுமை. நடுவில் நின்று கை தட்டினால் 'டிங்' என்று ஓர் எதிரொலி வரும். ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த எதிரொலி பேச்சின் மேல் விழுந்து மங்கவைத்துவிடும். அம்மா பரணிலிருந்து பவானி ஜமக்காளத்தை எடுத்து விரித்தார், ஜன்னலுக்குக் கனமான திரை தைத்துப் போட்டோம். டைல்ஸ் மறைந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. செலவு திரைத்துணிக்கு மட்டும்தான். அத்தோடு, பத்து மணிக்கு மேல் நைட் மோடைப் போட்டுவிடுகிறேன். பெரிய சத்தம் அடங்கி, சின்னச் சத்தம் எழும்பும். வெடிச் சத்தத்துக்குப் பயந்து ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டியதில்லை.

கீழ் வீட்டு அக்கா நேற்று மறுபடி வந்தார். இந்த முறை அவருடைய மாமியாரையும் கூட்டி வந்திருந்தார். பாட்டி அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து சீரியல் பார்த்தார். போகும்போது, "எல்லாம் புரியுதே" என்றார். அவர்கள் டிவியின் பின்னால் ஏஆர்சி துளை இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துப் பார்க்கப் போகிறேன்.