புதுப்பிப்பு: ஹெர்பிஸ் பரிசோதனை, 13-வது வாரம்

ஆணுறை இல்லாத உறவுக்குப் பிறகு 10-வது நாளே ஹெர்பிஸ் (கொப்புளம் வரவைக்கும் வைரஸ் தொற்று) இருக்கிறதா என்று பார்க்க லேபுக்கு ஓடியதையும், ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ் என்று வந்ததும் தூக்கம் போனதையும் முன்பு எழுதியிருந்தேன். நேற்று பால்வினை நோய் மருத்துவரைப் பார்த்தேன். அந்தத் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் பார்ப்பதே தவறாம்; பெரும்பாலும் வாயோரம் வரும் முதல் வகையா, பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகையா என்று அது பிரித்துக் காட்டாது. வகை பிரித்துப் பார்க்கும் ஐஜிஜிதான் (பிறகு உருவாகி நிலைத்திருக்கும் எதிர்ப்புப் பொருள்) வேண்டும், அதுவும் 12 வாரமாவது கழித்து. அந்த ரிசல்ட்டில் வரும் எண் 1.1-க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்றாலும், 3-க்குள் இருந்தால் மறுபடி உறுதி செய்ய வேண்டுமாம்.

எனக்கு இப்போது இரண்டாம் வகை நெகட்டிவ். 16-வது வாரம் இன்னொரு முறை எடுக்கிறேன். கொப்புளம் வந்தால் காய்வதற்குள் வரச் சொன்னார், அதிலிருந்தே பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) எடுக்கலாமாம்.

அப்புறம், என்னோடு உறவில் இருந்தவரிடமும் பேசிவிட்டேன். அவரும் மருத்துவரைப் பார்க்கிறார்.