மன்றக் கூட்டத்தை எழுதுவதா, எம்.புக்கைப் படிப்பதா?

நகராட்சி பற்றி எழுத வருகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று நீலகிரிக்காரர்கள் மூவர், ஊர்ப் பெயர்களில், பேசிக்கொண்டது. எம்.புக் என்பது செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம்.

வண்டிச்சோலை:
எந்தப் பத்திரிகையையும் சாராமல் நகராட்சி அரசியலை எழுத வரும் இளைஞர்கள் பலர், மன்றத்தில் யார் யாரைத் திட்டினார், யார் வெளிநடப்பு செய்தார் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது நாளிதழின் மாவட்டப் பக்கத்திலேயே வந்துவிடும். பணம் போகும் பாதை வேறு. மழையில் தடுப்புச் சுவர் சரிந்தால் அவசரப் பணி என்று தலைவரின் முன்அனுமதியில் வேலை தொடங்கும். மன்றத்துக்கு அது பிற்பாடு 'பின்னேற்பு', அதாவது நடந்ததற்குப் பிறகு ஒப்புதல், என்ற ஒற்றை வரியாக வரும். அஜெண்டாவில் முதலில் அந்த வரிகளைத் தேடுங்கள், அடுத்து மேஜைப் பொருள்களை, அதாவது அஜெண்டாவில் இல்லாமல் கூட்டத்திலேயே வைக்கும் தீர்மானங்களை. கடைசி நேரத்தில் வைப்பதால் கவுன்சிலர்களுக்கே படிக்க அவகாசம் இருக்காது.

ஃபிங்கர்போஸ்ட்:
ஒப்புக்கொள்ள முடியாதுங்க. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழக நகராட்சிகளில் மன்றமே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. கோப்புகள் அப்போதும் இருந்தன; சபையில் எழுந்து கேட்க ஆள்தான் இல்லை. இன்றைக்கு ஊட்டியில் 36 வார்டு, குன்னூரில் 30. எந்தக் கவுன்சிலர் எந்தத் தீர்மானத்தில் வாய் திறந்தார், ஆட்சேபத்தைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொன்னாரா என்று பெயரோடு எழுதினால்தான் வாக்காளருக்குப் பயன்.

வண்டிச்சோலை:
ஆட்சேபம் பதிந்தாலும் ஒப்பந்ததாரரின் பில் பாஸாகிவிடும். தடுப்புச் சுவரையே பாருங்கள். அஸ்திவார ஆழமும் அடிப்பகுதியின் அகலமும் மண் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. பின்பக்கம் கல் நிரப்பாமல் வெறும் மண்ணைத் தள்ளினாலும் வெளியே தெரியாது. தண்ணீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி அடுத்த மழையில் சுவர் வயிறு தள்ளும். அதனால் குழி தோண்டிய நிலையிலேயே தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆர்.டி.ஐ. எனும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்கே ஆவணம் கேளுங்கள்: எஸ்டிமேட், பணி ஆணை, எம்.புக் பக்கங்கள், இறுதி பில். மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)யின்படி வேலை நடந்த இடத்தையே பார்வையிடலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியும் கேட்கலாம். இந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

தேவர்சோலை:
மனு எழுதும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. "ஏன் சுவர் இடிந்தது?" என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று திருப்பிடுவாங்க. "ஐந்து வருடத்து எல்லா வேலையும்" என்றால், திரட்ட அதிக உழைப்பு ஆகும் என்று பிரிவு 7(9)ஐக் காட்டி, நேரில் வந்து பாருங்கள் என்பாங்க. ஒரு வார்டு, ஒரு வேலை, பணி ஆணை எண் – அவ்வளவு போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கெடு தாண்டினால் நகலை இலவசமாகவே தரணும், பிரிவு 7(6). நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால் உடனே கட்டுங்க. நீங்க கட்டும் வரைக்கும் அந்த 30 நாள் ஓடாது.

இன்னொன்று, மழைக்காலத்தைப் பொதுவா வைக்காதீங்க. கூடலூருக்குத் தென்மேற்குப் பருவம், குன்னூருக்கு வடகிழக்கு. கூடலூரில் ஜூலையில் கான்கிரீட் போட்டதாக எம்.புக்கில் இருந்தால் அந்தத் தேதியின் மழையளவோடு ஒப்பிடுங்க.

ஃபிங்கர்போஸ்ட்:
எல்லாம் சரி, அந்த நகலைச் சபையில் எழுப்ப ஒரு கவுன்சிலர் வேண்டாமா? அவரை யாரும் கவனித்து எழுதவில்லை என்றால் அவர் ஏன் எழுந்திருக்கப் போகிறார்? டெண்டரிலும் அப்படித்தான். 2 கோடி வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரணும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்கணும். அந்தக் காரணத்தைச் சபையில் வாசிக்கச் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும்.

வண்டிச்சோலை:
கவுன்சிலர் கையில் நகல் இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் வரிசை மாறக்கூடாது. நகல் முதலில், பேச்சு பிறகு. வெளியிடும்போது 'ஊழல்' என்று எழுதாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 356இல் அவதூறு வழக்கு வரும். எஸ்டிமேட்டில் இத்தனை மீட்டர், எம்.புக்கில் இத்தனை, டேப் வைத்து அளந்ததில் இத்தனை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பொறியாளருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பி, அவர் விளக்கம் தந்தால் முழுசாகச் சேருங்கள்.