புதுக் கார் கழுவ என்னென்ன வாங்க வேண்டும்? ஆஃபர் இன்று இரவு 12 மணி வரைதான்!

ஓஎம்ஆர்வாசி | இரவு 8.50
வணக்கம். கார் எடுத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியில் கொடுக்காமல் நானே கழுவலாம் என்று இருக்கிறேன். ஆன்லைனில் தேடினால் ஷாம்பு, ஃபோம், வேக்ஸ், பாலிஷ், செராமிக் ஸ்ப்ரே, க்ளே பார் என்று முடிவே இல்லாமல் வருகிறது. 14 பொருள் கொண்ட கிட் ஒன்று கார்ட்டில் கிடக்கிறது, 2000க்குக் கொஞ்சம் கீழே. வாங்கலாமா? அப்புறம் பானெட் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருக்கிறது. ஷாம்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதற்கு எந்த ஷாம்பு நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள், ஆஃபர் முடிந்துவிடும்.

செகண்ட்கியர் | இரவு 8.58
என்ன நிறம் ப்ரோ? எங்கே நிறுத்துகிறீர்கள், வெயிலா நிழலா?

வாட்டர்கேன் | இரவு 9.01
தண்ணீர் எது? போரா, மெட்ரோ வாட்டரா, லாரியா? அதைச் சொல்லாமல் ஷாம்பு கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது.

கோவைக்காரி | இரவு 9.04
"ஷாம்பு போட்டு" என்றீர்களே, அது எந்த ஷாம்புங்க? தலைக்குப் போடுவதா, காருக்குப் போடுவதா?

ரெண்டுவாளி | இரவு 9.10
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை, ஆனால் 12 மணிக்குள் பதில் மட்டும் வேண்டும். பத்து லட்சம் கொடுத்துக் கார் வாங்கும்போது சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்கத் தெரிகிறது, பெயின்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஷோரூமில் ஒருவரும் கேட்பதில்லை.

சரி, கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் ஹோஸ் பிடித்து மண்ணை இறக்குங்கள். கையில் மாட்டிக் கழுவும் வாஷ் க்ளவ்வை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியில் அலசி மண்ணைக் கழித்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்கு வேறு துணி. அதில் பிரேக் தூள் இருக்கும், அந்தத் துணி பாடியைத் தொடவே கூடாது. இதற்கு மேல் ஆரம்பத்தில் எதுவும் தேவையில்லை. அந்தக் கிட் குப்பை.

பழைய டீசல் | இரவு 9.17
எதற்கப்பா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அம்பாசடர் காலத்திலிருந்து வண்டி வைத்திருக்கிறேன். காலையில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி. தார் ஒட்டியிருந்தால் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய். வண்டி கண்ணாடி மாதிரி இருக்கும். இந்த க்ளவ், ஃபோம் எல்லாம் வியாபாரம்.

செகண்ட்கியர் | இரவு 9.22
அண்ணா, அம்பாசடர் பெயின்ட் வேறு. அதற்குப் பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறமே ஏறி வரும். கீறல் விழுந்தாலும் கொஞ்சம் தேய்த்தால் சரியாகும். இப்போது நிறத்துக்கு மேலே தனியாக க்ளியர் கோட் என்று நிறமில்லாத பூச்சு இருக்கிறது. சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூடத் தாண்டாது. காய்ந்த மண்ணோடு ஈரத்துணியைப் போட்டு இழுத்தால் கீறல் எல்லாம் அதன் மேல்தான் விழும். சாயங்கால வெயிலில் சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாகத் தெரியுமே, அது அப்படி வந்ததுதான்.

திருப்பூர் பனியன் | இரவு 9.31
பனியன் துணியைக் குறை சொல்லாதீர்கள், நம் ஊர்ப் பிழைப்பு. பருத்தி தானாகக் கீறாது. கீறுவது ஓரத்துத் தையல், லேபிள், இழைக்குள் மாட்டிக்கொண்ட மணல்.

ஆனால் காருக்கு மைக்ரோஃபைபர்தான். பாலியெஸ்டர், பாலிஅமைடு இரண்டும் கலந்தது. 80:20 சாதாரணம், 70:30 கிடைத்தால் தண்ணீர் நன்றாக இழுக்கும். பொதுவாகத் துடைக்க 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) போதும். உலர்த்தும் டவல் என்றால் 600க்கு மேல் பாருங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் ஒரு சோதனை: துணியை உள்ளங்கையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல துணி காய்ந்த தோலில் கொக்கி போட்டதுபோல் லேசாகப் பிடிக்கும். வழவழவென்று வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் பாலியெஸ்டர். வந்ததும் லேபிளை வெட்டிவிடுங்கள். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் கூடவே கூடாது, தண்ணீர் இழுக்கும் குணம் போய்விடும். கீழே விழுந்த துணியை உதறிவிட்டுக் காரில் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஓஎம்ஆர்வாசி | இரவு 10.12
சாப்பிடப் போயிருந்தேன், மன்னிக்கவும். கருப்பு நிறம். போர் தண்ணீர்தான், வேறு எது வரும் எங்கள் பக்கம்? ஓப்பன் பார்க்கிங், காலை 10 மணிக்கு மேல் கழுவுவேன். கழுவிவிட்டு அப்படியே வெயிலில் காயவிடுவேன். ஷாம்பு என்றது பாத்திரம் கழுவும் லிக்விட். வாட்ச்மேன் தினமும் ஈரத்துணியால் துடைப்பார். கிட் வாங்கவா?

வாட்டர்கேன் | இரவு 10.16
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

அந்தப் புள்ளிகள் அழுக்கு இல்லை. போர் தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். பாத்ரூம் குழாயில் படிகிறதே வெள்ளையாக, அதேதான். எந்த ஷாம்பும் அதைக் கரைக்காது, அமிலம்தான் கரைக்கும். சமையலுக்கு வாங்கும் வெள்ளை வினிகர், அதே அளவு தண்ணீர். நிழலில், பானெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கும்போது, துணியை நனைத்துப் புள்ளி மேல் ஒரு நிமிடம் போட்டு வையுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். துடைத்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அப்படியும் வட்டமாகத் தடம் தெரிந்தால் அது க்ளியர் கோட்டுக்குள் இறங்கிவிட்டது, பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாத்ரூம் ஆசிட் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். குரோம், அலாய் வீல் எல்லாம் போய்விடும்.

இனி வராமல் இருக்க நல்ல வழி ஏசி தண்ணீர். வெளியே சொட்டுகிறதே, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஓடினால் ஒரு பக்கெட் நிறையும். போர் தண்ணீரில் கழுவுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு மக்கால் ஏசி தண்ணீரை மேலிருந்து வழியவிடுங்கள். அப்புறம் டவல்.

செகண்ட்கியர் | இரவு 10.20
10 மணிக்கு மேல் கருப்பு பானெட்டில் கை வைத்துப் பாருங்கள் ப்ரோ. ஷாம்பு அலசுவதற்குள் காய்ந்துவிடும். 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம். வாட்ச்மேனிடம் தினமும் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாதக் காசு வேண்டுமானால் கொடுங்கள், துணி மட்டும் வேண்டாம்.

ராக்கெட்ராஜா | இரவு 10.24
பெயின்ட் மேல் செராமிக் கோட்டிங் என்கிற பாதுகாப்புப் பூச்சை அடித்துவிடுங்கள், தலைவலி விட்டது.

வாட்டர்கேன் | இரவு 10.25
விடாது. செராமிக் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அந்த முத்து வெயிலில் காய்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை வளையம். போர் தண்ணீர் ஊரில் செராமிக் போட்டாலும் துடைத்துத்தான் ஆக வேண்டும்.

ரெண்டுவாளி | இரவு 10.29
பாத்திரம் கழுவும் லிக்விடா? சொல்லவே நாக்கூசுகிறது. அது காரம். பிஎச் ஏறி பெயின்டையே தின்றுவிடும். பிஎச் 7 உள்ள, அதாவது காரமும் அமிலமும் இல்லாத கார் ஷாம்புதான் வாங்க வேண்டும் என்று நான் எத்தனை இழைகளில் எழுதியிருக்கிறேன்.

கெமிஸ்ட்ரி சார் | இரவு 10.37
முடிவு சரி, காரணம் தவறு. பாத்திரம் கழுவும் லிக்விட் பல பிஎச் 7 பக்கத்தில்தான் இருக்கும், வெறும் கையால் தொடும் பொருள் அல்லவா. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவென்றே செய்த பொருள் என்பதால் வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும், அதுதான் பிரச்சினை. கார் ஷாம்பில் வழுக்கும் தன்மை அதிகம், மண் கீறாமல் வழுக்கி வரும். பெயின்டைத் தின்னும் என்பதெல்லாம் மிகை.

இன்னொன்று, தண்ணீரைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மக்னீசியம் அளவை, முடிவு செய்யாதீர்கள். அது கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கடற்கரைப் பக்கத்துப் போரில் பாதி சாதாரண உப்பாகவே இருக்கலாம், அதன் கறை தண்ணீரிலேயே போய்விடும். போகாமல் அடம்பிடிப்பது கார்பனேட். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் ஐஎஸ் 10500 சொல்வது கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை.

ரெண்டுவாளி | இரவு 10.41
கார் கழுவுவதற்கு பிளஸ் டூ பாடமா? லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துத்தான் சொல்கிறேன்.

கெமிஸ்ட்ரி சார் | இரவு 10.43
லேபிளைப் படமெடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

கோவைக்காரி | இரவு 10.47
எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லைங்க. சிறுவாணித் தண்ணீர். துடைக்காமல் விட்டாலும் புள்ளி வராது.

பழைய டீசல் | இரவு 10.50
குடிக்கிற சிறுவாணியிலா கார் கழுவுகிறாய் அம்மா? 2019இல் இங்கே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம், ஞாபகம் இருக்கட்டும். ஒரு வாளி போதும் என்று நான் சொன்னது இதற்குத்தான்.

கோவைக்காரி | இரவு 10.53
தினமும் இல்லைங்க ஐயா, மாதம் ஒரு முறை.

ராக்கெட்ராஜா | இரவு 10.55
பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று போட்டார்களே. இங்கேயும் போட வேண்டும். எங்கள் வீட்டில் ஆர்ஓ கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் கார் கழுவுகிறோம். வீணாகாது.

வாட்டர்கேன் | இரவு 10.57
நல்ல எண்ணம், தப்பான தண்ணீர். ஆர்ஓ வடிகட்டித் தள்ளிய உப்பு எல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிட மோசம். சக்கரத்துக்கும் தரைக்கும் ஊற்றுங்கள், பானெட்டில் வேண்டாம். தண்ணீர் மிச்சம் செய்ய நினைத்தால் அலசத் தேவையில்லாத வாஷ் திரவங்கள் இருக்கின்றன. அதில் ஓஎன்ஆர் என்கிற பிராண்டு என்றால் 10 லிட்டருக்குச் சுமார் 40 மில்லி கலந்தால் முழுக் காரும் முடியும். துணி நிறைய வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் சுத்தமான பக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். சேறு படிந்த நாளில் மட்டும் அது வேலைக்கு ஆகாது.

பழைய டீசல் | இரவு 11.02
பார்த்தாயா, கடைசியில் ஒரு வாளிக்குத்தான் வந்து நிற்கிறது.

ஓஎம்ஆர்வாசி | இரவு 11.20
கிட் வாங்கவா வேண்டாமா? இன்னும் 40 நிமிடம்தான் இருக்கிறது.

செகண்ட்கியர் | இரவு 11.26
வேண்டாம் ப்ரோ. கிட்டில் உள்ள 14இல் டேஷ்போர்டு பாலிஷ் ஒன்று இருக்குமே, அதைப் போட்டால் முன் கண்ணாடியில் எதிரொளி அடிக்கும், மதிய வெயிலில் ரோடே தெரியாது. உள்ளே ஈரத் துணியால் துடைத்தாலே போதும். க்ளே பாரை, அதாவது பெயின்டில் ஒட்டிய துகளை எடுக்கும் களிமண் கட்டியை, கையில் எடுக்காதீர்கள். சரியாக வழுக்கவிடாமல் தேய்த்தால் கருப்பில் கோடு விழும். பாலிஷ் க்ளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுக்கிற வேலை, புது வண்டிக்கு இப்போதே எதற்கு?

இப்போது வாங்க வேண்டியது: காருக்கென்று விற்கும் ஷாம்பு அரை லிட்டர். த்ரீஎம், வேவெக்ஸ், ஃபார்முலா ஒன், எது ஆஃபரில் இருக்கிறதோ அது, பெரிய வித்தியாசம் இல்லை. மைக்ரோஃபைபர் வாஷ் க்ளவ் ஒன்று. உலர்த்தும் பெரிய டவல் ஒன்று, சின்னத் துணி நாலைந்து. ஸ்ப்ரே வேக்ஸ் ஒரு பாட்டில், கழுவிக் காய்ந்ததும் அடித்துத் துடைத்தால் அடுத்த முறை அழுக்கு சுலபமாக இறங்கும். வாளி வீட்டில் இருக்கும். 2000இல் மீதி வரும். வினிகர் தெருமுனைக் கடையில் கிடைக்கும்.

திருப்பூர் பனியன் | இரவு 11.29
டவல் எத்தனை ஜிஎஸ்எம் என்று போடாத பொருளை வாங்காதீர்கள். டவலைத் தேய்க்காமல் பானெட் மேல் விரித்து, ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். தண்ணீர் அதோடு வரும்.

ரெண்டுவாளி | இரவு 11.34
நான் 9.10க்குச் சொன்னதையே இப்போது எல்லாரும் சொல்கிறீர்கள். நன்றி சொல்ல வேண்டியதில்லை.

கெமிஸ்ட்ரி சார் | இரவு 11.36
லேபிள் படம் இன்னும் வரவில்லை.

ஓஎம்ஆர்வாசி | திங்கள், காலை 8.05
கிட்டை எடுத்துவிட்டு ஷாம்பு, க்ளவ், டவல், துணி மட்டும் வாங்கினேன். வினிகரில் பானெட் புள்ளி முக்கால்வாசி போய்விட்டது. கூரையில் இருப்பது அசையவில்லை. எல்லாருக்கும் நன்றி.

வாட்டர்கேன் | திங்கள், காலை 8.30
கூரையில் விரல் நகத்தால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், மேடாகத் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் இன்னும் உப்புதான், மறுபடி வினிகர் போடலாம். பள்ளமாகத் தெரிந்தால் பாலிஷ் போடுபவரிடம்தான் போக வேண்டும். ஏசி தண்ணீர் பிடித்தீர்களா இல்லையா?

செகண்ட்கியர் | புதன், மாலை 6.15
ப்ரோ? கூரை என்ன ஆயிற்று?

கோவைக்காரி | வியாழன், காலை 9.40
அவர் வர மாட்டார்ங்க. எனக்கு ஒரு சந்தேகம், வாட்டர்கேன் அண்ணா. ஏசி தண்ணீரில் உப்பு இல்லை என்கிறீர்களே, அதை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?

வாட்டர்கேன் | வியாழன், காலை 9.52
தாராளமாக.

கெமிஸ்ட்ரி சார் | வியாழன், காலை 10.05
ஊற்ற வேண்டாம் அம்மா. ஏசிக்குள் இருக்கும் உலோகச் சுருள் (coil) வழியாக வருகிற தண்ணீர், தாமிரம், அலுமினியம், தூசி எல்லாம் கொஞ்சம் கலந்திருக்கும். காருக்குப் பரவாயில்லை, பேட்டரித் தகட்டுக்கு ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுங்கள்.